வாலுக்குப் பொட்டு வைக்கச் சொன்ன வீடு

நீங்க மாவரைக்க வந்தவங்க இல்லீங்க. மாவரைக்க வர்றவங்க செருப்பைக் கழட்டமாட்டாங்க, சும்மாட்டோட நேரா உள்ள வந்துருவாங்க. நீங்க கழட்டி ஓரமா வச்சுட்டு, கையில ஒரு தூக்குப் போசி கூட இல்லாம நின்னு, "மில்லு உங்களுதுங்களா?"ன்னு கேக்கறீங்க. மாப்பிள்ளை வீட்டைப் பத்தி விசாரிக்க வந்திருக்கீங்க. சரிங்களா? பார்த்தீங்களா, சிரிக்கிறீங்க.

உக்காருங்க தம்பி. அந்த ஸ்டூலைத் துடைக்க வேண்டாம், துடைச்சாலும் மறுபடி படியும். வெள்ளை வேட்டிதானே, மாவு பட்டா தெரியாது. ராகி அரைச்ச நாளா இருந்தா நிக்கச் சொல்லியிருப்பேன். மோர் குடிங்க. குடிச்சிட்டுத்தான் பேசணும், வெயில்ல வந்திருக்கீங்க. எந்த ஊருங்க? காங்கயம் பக்கமா? அப்ப ஒரு வகையில ஒறம்பரைதான், சொந்தம்தான்.

நவநீதனுக்குத்தானே கேக்கறீங்க? என் மாப்பிள்ளை திருமூர்த்தியோட தம்பி. என் மக சுகந்தியை அந்த வீட்டுலதான் கொடுத்திருக்கு. அவ நேத்தே போன் பண்ணிட்டா. "அம்மா, காங்கயத்துல இருந்து ஆளுங்க வருவாங்க, விசாரிப்பாங்க, நல்லதா நாலு வார்த்தை சொல்லுங்க, உங்க வாயைக் கொஞ்சம் கட்டி வைங்க"ன்னா. நான் யாரைப் பத்திங்க குறை சொல்லியிருக்கேன்? இந்த ஊர்ல கேட்டுப் பாருங்க. நடந்ததைச் சொல்லுவேன், அவ்வளவுதான். நடந்தது குறையா இருந்தா அதுக்கு நான் பொறுப்பில்லை.

கையைப் பத்திக் கேக்க வந்திருக்கீங்க. அதானே? அந்தப் பையனோட வலது கை. உங்களுக்கு முன்னால ரெண்டு இடம் வந்து பார்த்துட்டு, கையைப் பார்த்துட்டு, காப்பியைக் குடிச்சிட்டுப் போயிட்டாங்க. ஏணியில இருந்து விழுந்தான்னு இவங்க சொல்றாங்க, யாரும் நம்பல. ஒரு கூட்டம் குடிச்சிட்டு விழுந்தான்னுது. இன்னொரு கூட்டம் வலிப்பு இருக்கும்போலன்னுது. பையன் ஒரு சொட்டு தொடமாட்டான், வலிப்பும் கிடையாது, அது எனக்குத் தெரியும். ஆனா ஏணியும் கிடையாதுங்க. என்னையும் ஏணின்னு சொல்லச் சொல்றாங்க. சொல்லட்டுங்களா? முகத்துக்கு நேரா ஒரு மனுஷர் மோர் குடிச்சிக்கிட்டிருக்கும்போது எப்படிங்க பொய் சொல்றது?

அது சாமி கொடுத்த தண்டனைங்க. என்னைத் தள்ளினான். தள்ளின கை அது.

ஆமாங்க, என்னைத்தான். அண்ணனோட மாமியாரை. சொந்தமெல்லாம் கூடி நிக்கையில, தாம்பாளத்தோட நின்னவளை, மண்ணுல தள்ளினான். இனிமே நீங்களே முடிவு பண்ணிக்கோங்க, அந்த வீட்டுக்குப் பொண்ணு கொடுக்கலாமான்னு. இல்ல, இருங்க, உக்காருங்க. முழுசாக் கேட்டுட்டுப் போங்க.

என் மாப்பிள்ளை ஏரோப்ளேன் செஞ்சவர். சொல்லியிருப்பாங்களே? பெருமையாச் சொல்லியிருப்பாங்க. பம்பு கம்பெனியில படம் வரையற வேலை. சாயங்காலம் வந்தா மனுஷன் பொண்டாட்டிகிட்ட உக்காந்து நாலு வார்த்தை பேசுவான், இவரு நேரா கோழிக் கொட்டகைக்குப் போயிருவாரு. நல்லா கோழி வளர்த்துக்கிட்டிருந்த கொட்டகைங்க. கோழியெல்லாம் வித்துட்டு, கழுவிவிட்டு, அதுக்குள்ள உக்காந்து குழாயும் தகரமும் துணியும் வச்சு ஒட்டிக்கிட்டுக் கிடந்தாரு, அண்ணனும் தம்பியும். வருஷக்கணக்கா. நான் போய்ப் பார்த்தேன். ரெண்டு பேர் உக்கார்ற இடம். எங்க மில்லுல மிளகாய் கொட்டற தொட்டி அதைவிடப் பெருசு. "இதுலயா மாப்பிள்ளை பறக்கப் போறீங்க?"ன்னேன். "ஆமாங்க அத்தை"ன்னாரு. கோழிகூட அந்தக் கொட்டகையில இருந்து பறந்ததில்ல.

கொட்டகை வாசல்ல, "எதையும் தொடாதீர்கள்"னு எழுதி வேற ஒட்டியிருந்தாரு. எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு நினைச்சாரோ என்னமோ, வாயாலயும் சொல்லுவாரு. "அத்தை, அதைத் தொடாதீங்க. அத்தை, இதைத் தொடாதீங்க." நான் அஞ்சாப்பு தாண்டலீங்க, ஒத்துக்கறேன். ஆனா இந்த மில்லை எங்க வீட்டுக்காரர் போன பொறவு ஒத்தையா ஓட்டறேன். பெல்ட்டுல கை விட்டு இழுத்திருக்கேன். என்கிட்ட வந்து தொடாதீங்கவாம்!

சரி, இன்ஜினு வந்துச்சு. எங்கிருந்தோ கப்பல்ல வந்துச்சு. மூக்குல மாட்டினாங்க. அதுக்கு முன்னால ஒரு காத்தாடி, மரக்கட்டையில செதுக்கினது, ரெண்டு கட்டை, ஒண்ணு மேல நின்னா இன்னொண்ணு கீழ நிக்கும். பொறவு தினமும் சோதனை. ஓட்டிப் பார்க்கிறது, நிறுத்தறது. ஓட்டிப் பார்க்கிறது, நிறுத்தறது. பறக்கிறதை மட்டும் காணோம்.

அந்தச் சோதனையைக் கேளுங்க தம்பி, கேட்டா நீங்களே சிரிப்பீங்க. அந்த இன்ஜினுக்கு நெருப்புப்பொறி கொடுக்க மேக்னெட்டுன்னு ரெண்டு வச்சிருக்காங்க. ஒண்ணு கெட்டாலும் இன்னொண்ணு இருக்குமாம். மொபெட்டுக்கு ஒண்ணு போதுது, இவருக்கு ரெண்டு வேணும், அவ்வளவு தைரியம். இன்ஜினை நல்லா முடுக்கிவிட்டு, சாவியை இந்தப் பக்கம் திருப்பினா ஒரு மேக்னெட்டு நின்னு மத்தது மட்டும் ஓட்டும். அந்தப் பக்கம் திருப்பினா அது நின்னு இது ஓட்டும். ஒவ்வொரு தடவையும் இன்ஜினு கொஞ்சம் இறங்கணும். அப்படி இறங்கினாத்தான் நல்லதாம்!

எனக்குக் காது நல்லாக் கேக்குமுங்க. இந்த மில்லை நான் கண்ணால ஓட்டல, காதால ஓட்டறேன். கம்புல ஈரம் இருந்தா கொட்டின உடனே சத்தத்துல சொல்லிருவேன். மோட்டார் சத்தம் ஒரு இழை இறங்கினாப் போதும், பெல்ட்டு வழுக்குதுன்னோ, கல்லு இறுக்குதுன்னோ, எங்கயோ ஒரு கோளாறுன்னு தெரிஞ்சுரும். இறங்காம ஒரே சீரா ஓடறதுதானே மெஷினு? நீங்க சொல்லுங்க. இவரு என்னடான்னா, சாவியைத் திருப்புவாரு, இன்ஜினு மூச்சு விட்டுப் பொத்துன்னு இறங்கும், இவரு தலையை ஆட்டுவாரு, "ஆ, நல்லா இருக்கு"ம்பாரு. மறுபடி திருப்புவாரு, மறுபடி இறங்கும், "இதுவும் நல்லா இருக்கு." நான் சுகந்தியைப் பார்த்தேன். அவ வேற பக்கம் பார்த்துக்கிட்டா.

"மாப்பிள்ளை, தப்பா நினைச்சுக்காதீங்க, இன்ஜினு தளருதுங்களே"ன்னேன். மரியாதையாத்தான் சொன்னேன், மாப்பிள்ளையாச்சே. "தளரணும் அத்தை. தளரலைன்னாத்தான் பயப்படணும்"ங்கறாரு. இது படிச்ச படிப்பு!

ஒரு நாள் குறிச்சாங்க. மேலிடத்துல இருந்து அனுமதியும் வந்தாச்சு. கொட்டகைக்குப் பின்னால அவங்க வெள்ளாமைக் காட்டை ஜேசிபி விட்டு நீட்டமாச் சமப்படுத்தி வச்சிருந்தாங்க. சொந்தமெல்லாம் வந்தாச்சு. பந்தல் போட்டு, கேசரி, உப்புமா, இளநி. பேப்பர்க்காரர் ஒருத்தர் கூட வந்திருந்தாரு. ராகுகாலம் கழிஞ்சதும் பூஜை, பூஜை முடிஞ்சதும் பறக்கறது. பூஜை என் பொறுப்பு. மாலை நானே கட்டினேன், சம்பங்கியும் மரிக்கொழுந்தும். சந்தனம் நானே அரைச்சேன். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். டிராக்டர் வாங்கினாலும் சைக்கிள் வாங்கினாலும் முகத்துக்குப் பொட்டு வைக்காம யாராவது எடுப்பாங்களா?

"அத்தை, காத்தாடிகிட்ட மட்டும் வேண்டாம். பொட்டு வைக்கிறதுன்னா வால்ல வைங்க"ன்னாரு.

வாலுக்கு! நல்லாக் கேட்டுக்கோங்க தம்பி. முகத்தை விட்டுட்டு வாலுக்குப் பொட்டு! மாட்டுப் பொங்கலுக்கு மாட்டுக்கு எங்க பொட்டு வைக்கிறோம்? பேசி என்ன ஆகப்போகுது. செய்யறதைச் செஞ்சுக்கலாம்னு இருந்துட்டேன்.

ராகுகாலம் முடியறதுக்குள்ள ஒரு தடவை ஓட்டிப் பார்த்துடறேன்னு ஏறி உக்காந்தாரு. தம்பிக்காரன் ரெக்கைக்குப் பின்னால நின்னான். சக்கரத்துக்கு முட்டுக் கட்டை கொடுத்திருந்தாங்க. முடுக்கினாரு. பந்தல் துணியெல்லாம் படபடங்குது. சனமெல்லாம் வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது. எனக்கு உள்ளுக்குள்ள வெசனம், இப்பச் சாவியைத் திருப்புவாரே, இன்ஜினு இறங்குமே, சம்பந்தி வீட்டுச் சனமெல்லாம் கேக்குமேன்னு.

திருப்பினாரு. இறங்கலீங்க!

ஒரு இழை இறங்கல. சாமி சத்தியமா, ஒரே சீரா, புதுப் பெல்ட்டு போட்ட மோட்டார் கணக்கா நிக்குது. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. இத்தனை நாள் கழிச்சு இன்னைக்குத்தான் உருப்படியா ஒரு இன்ஜினு செஞ்சிருக்காரு நம்ம மாப்பிள்ளைன்னு பக்கத்துல இருந்த சம்பந்தியம்மாகிட்டக்கூடச் சொன்னேன். மறுபடி பழைய இடத்துக்குத் திருப்பி, மறுபடி அந்தப் பக்கம் திருப்பினாரு. இறங்கல. இன்னொரு பக்கம் திருப்பினா லேசா இறங்குச்சு, அது கழுதை, அது எப்பவும் அப்படித்தான். இது மட்டும் இறங்கவே இல்லை.

இவரு முகத்தைப் பார்க்கணுமே! கண்ணாடிக்கு உள்ள வெளுத்துப் போச்சு. இன்ஜினை மெதுவாக்கினாரு. சாவியை முழுசா மூடினாரு. மூடி, உருவி, கையில எடுத்து, தம்பிக்காரனுக்குத் தெரியற மாதிரி உயரத் தூக்கிக் காட்டினாரு. சாவி கையில இருக்குது தம்பி, இன்ஜினு அதுபாட்டுக்கு ஓடுது! எப்படிப்பட்ட இன்ஜினு பாருங்க. சாவிகூட வேண்டாம்னுது. வேற யாராவதா இருந்தா அதைத் தொட்டுக் கும்பிட்டு அப்பவே பறந்திருப்பாங்க. இவரு எண்ணெயை அடைச்சு, தொண்டையை நெரிச்சு நிறுத்தினாரு. இறங்கும்போதெல்லாம் நல்லா இருக்குன்னவரு, இறங்காம நின்ன அன்னைக்குப் பயந்துட்டாரு. பறக்கலைன்னு கையை ஆட்டிட்டாரு. தம்பிக்காரன் சனத்தைப் பின்னால தள்ளிக்கிட்டிருக்கான். பேப்பர்க்காரர் கேமராவைப் பைக்குள்ள வச்சுட்டுக் கிளம்பிட்டாரு. எனக்கு எப்படி இருக்கும்?

ராகுகாலம் முடிஞ்சிருச்சு. நல்ல நேரம் ஓடிக்கிட்டிருக்கு. இவங்க பூஜை போடாம ஒத்திப் போட்டா அது சகுனமாகிப் போயிரும். நான் தாம்பாளத்தை எடுத்துக்கிட்டு காத்தாடிப் பக்கமாப் போனேன். காத்தாடி நின்னுருச்சு, எல்லாம் நின்னுருச்சு, அவ்வளவு அமைதி. உள்ள இருந்து மாப்பிள்ளை, "அத்தை, தொடாதீங்க! அத்தை!"ன்னு கத்தறாரு, கதவோட மல்லுக்கட்டறாரு. எப்பவும் சொல்றதுதானேன்னு நான் காதுல வாங்கல.

மாலையைப் போட்டேன். கீழ்க் கட்டைக்குச் சந்தனம் வச்சேன், குங்குமம் வச்சேன். மேல் கட்டைக்கு எனக்குக் கை எட்டல. நான் இருக்கிற உசரத்தைத்தான் பார்க்கறீங்களே. ஒரு கட்டைக்கு வச்சு ஒரு கட்டைக்கு வைக்காம விடலாங்களா? அதனால கீழ்க் கட்டையைப் பிடிச்சு, மேல் கட்டை கீழ வரட்டும்னு இழுத்தேன். வந்துச்சு. பாதியில இறுக்கிப் பிடிச்சுச்சு, ஆட்டுக்கல்லுல உளுந்து கெட்டியாப் போனா இறுக்குமே, அந்த மாதிரி. அட, என்கிட்டயான்னு ரெண்டு கையாலயும் பிடிச்சு ஒரு இழு இழுத்தேன்.

அப்பத்தான் அவன் வந்து விழுந்தான். எங்கிருந்துதான் வந்தானோ, ரெக்கைக்கு அடியில குனிஞ்சு வந்திருக்கான். தோளால என்னை ஒரு இடி. நான் அந்தாண்ட போய் விழுந்தேன். தாம்பாளம் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், சீலையெல்லாம் செம்மண்ணு. அவன் குதிச்ச குதியில இன்ஜினு மிரண்டிருச்சுங்க. டப்புன்னு ஒரே ஒரு வெடி. காத்தாடி ஒரு சுத்து சுத்தி நின்னுச்சு. மாலை பொடிப்பொடியாப் போய்ச் சம்பங்கி எல்லாம் என் மேல கொட்டுது. கூடவே கட்டை முறியற மாதிரி ஒரு சத்தம். போச்சு, காத்தாடிக் கட்டையை உடைச்சுட்டான் பாவின்னு நினைச்சேன். பார்த்தா, காத்தாடி முழுசா இருக்கு.

அவன் கைங்க, அது.

வரிசையைக் கவனிச்சுக்கோங்க தம்பி. முதல்ல தள்ளினான். பொறவுதான் அடிபட்டது. சாமி எவ்வளவு சீக்கிரம் கணக்கு முடிக்குது பாருங்க.

எங்கே நின்னான்னா? என்ன கேள்வி இது? நான் நின்ன இடத்துலதான். என்னைத் தள்ளிட்டு என் இடத்துல அவன் நின்னான். அதுக்குத்தானே தள்ளினான்!

வேன்ல போட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். எனக்கும் முழங்கை சிராய்ச்சிருந்ததால என்னையும் கூட்டிப் போனாங்க. முன்னங்கை எலும்பு ரெண்டும் போச்சு. கையை ஒரு துண்டுல கட்டி நெஞ்சோட வச்சுக்கிட்டு, பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். என்னைத் திரும்பிப் பார்த்து, "அத்தை, இடுப்புல அடி எதுவும் படலீங்களே?"ங்கறான். தள்ளினவன் கேக்கற கேள்வியைப் பாருங்க! ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

ஒரு வாரம் கழிச்சு மாப்பிள்ளை இங்க வந்தாரு. நீங்க உக்காந்திருக்கிற இதே ஸ்டூல்லதான். மன்னிப்புக் கேக்க வந்திருக்காருன்னு பார்த்தா, சட்டைப் பையில இருந்து துண்டுக் கம்பி ஒண்ணை எடுத்துக் காட்டறாரு. "அத்தை, சாவியை மூடினா இந்தக் கம்பிதான் மேக்னெட்டை அணைக்கும். இது முனையில விட்டுப்போச்சு. அதனால சாவி மூடியிருந்தாலும் அந்த மேக்னெட்டு உசுரோட இருந்திருக்கு. கையால சுத்தினாலே இன்ஜினு வெடிக்கும். இன்ஜினு இறங்கலைன்னா அது அணையலைன்னு அர்த்தம், அதைக் கண்டுபிடிக்கத்தான் அந்தச் சோதனையே"ன்னு நீட்டி முழக்கறாரு. நான் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டேன். கேட்டுட்டுச் சொன்னேன், "உங்க கம்பி விட்டுப்போனா உங்க கம்பியைத் திட்டுங்க மாப்பிள்ளை. என்னை எதுக்குத் தள்ளணும்?"னேன். அவரு கம்பியைத் திரும்பப் பையில போட்டுக்கிட்டு, "யாரு கேட்டாலும் ஏணியில இருந்து விழுந்தான்னு சொல்லிக்கலாம் அத்தை. நவநீதனும் அதையேதான் சொல்றான். உங்க பேரு இதுல வர வேண்டாம்"ன்னாரு.

புரியுதுங்களா? மாமியாரைத் தள்ளினது வெளியில தெரிஞ்சா அவங்களுக்கு அசிங்கம். அதை மறைக்கத்தான் ஏணி. அன்னைக்கு இருந்த சொந்தக்காரங்க வாயையும் சத்தியம் வாங்கி அடைச்சுட்டாங்க. பாருங்க, அப்படியும் ரெண்டு இடம் தட்டிப் போச்சு. வலிப்புன்னு பேசறாங்க. சம்பந்தியம்மா ராத்திரியெல்லாம் அழறாளாம். சுகந்திகூட ஒரு நாள் அவன்கிட்ட, "நடந்ததைச் சொல்லிடலாம்ப்பா"ன்னு கேட்டிருக்கா. அந்தப் பையன், "வேண்டாம் அண்ணி. அத்தை ஊருக்குள்ள தலை நிமிந்து மில்லு ஓட்டறாங்க, ஓட்டட்டும்"ன்னானாம். என் மில்லைப் பத்தி இவனுக்கு என்ன? எனக்கு அவன் பெரிய மனுஷத்தனம் பண்ணறானாம்.

இப்பப் பறக்குதுங்க, பறக்காம என்ன. புதுக் கம்பி போட்டாங்க. ஞாயித்துக்கிழமை காலையில ஓட்டுவாங்க, இங்க வரைக்கும் கேக்கும். நான் அந்நேரத்துக்கு மில்லை நிறுத்திப்புடுவேன். கரண்டு மிச்சம். முடுக்கறது கேக்கும். ஒரு பக்கம் திருப்புவாரு, இறங்கும். இன்னொரு பக்கம் திருப்புவாரு, அதுவும் இறங்கும். ரெண்டும் இறங்கின பொறவுதான் நான் ஸ்விட்சைப் போடுவேன். மாவரைக்க வந்தவங்க, "ஏனுங்கக்கா, எதுக்கு நிறுத்தினீங்க"ன்னு திட்டுவாங்க. திட்டட்டும். பழக்கமாயிருச்சு, வேற ஒண்ணுமில்ல.

என்னங்க, எழுந்திரிச்சுட்டீங்க? மோரு பாதி இருக்கு. பஸ் ஸ்டாண்டு இந்தாண்ட இல்லீங்க, அந்தாண்ட. நீங்க போறது அவங்க வீட்டுப் பக்கம்.

அங்கயா போறீங்க? நான் இவ்வளவு சொன்ன பொறவுமா? உங்க மகளாச்சே, தம்பி! தள்ளிவிடற கூட்டம், வாலுக்குப் பொட்டு வைக்கிற கூட்டம், இறங்கினாத்தான் நல்லதுங்கற கூட்டம். நாளைக்கு ஏதாவதுன்னா என்னைக் கேக்கக் கூடாது. சரி, சிரிங்க, நல்லாச் சிரிங்க. உங்களுக்கும் அவங்களுக்கும் பொருத்தம்தான்.

போறதுன்னா போங்க. வேப்ப மரம் தாண்டி இடது கைப் பக்கம் நீல கேட்டு. அவன் இன்னைக்கு வீட்டுலதான் இருப்பான்.

தம்பி, ஒரு நிமிஷம். அந்தப் பையன் கும்பிடும்போது ரெண்டு கையும் சரியா ஒண்ணு சேராதுங்க. வலது உள்ளங்கை கொஞ்சம் அந்தாண்ட திரும்பியே நிக்கும். பொண்ணு வீட்டுக்காரங்களுக்கு ஒழுங்கா ஒரு வணக்கம் வைக்கத் தெரியலையேன்னு எடுத்துக்காதீங்க. மரியாதை தெரிஞ்ச பையன்.